எந்தக் கன்னம்?

தம்பி!

மந்தாரக்குப்பத்தில் கூட்டம் முடிந்து, விருத்தாசலம் செல்லும் பேருந்துக்காகச் சாலையோரத்தில் காத்து நின்றேன். நெய்வேலிச் சுரங்கத்தின் விளக்கொளி வானத்து விளிம்பிலே தெரிந்தது. இரவு வேலைக்குச் செல்வோர் தேநீர்க் கடையைச் சூழ்ந்து நின்றனர். கூட்டத்தின் கடைசி வரிசையிலே கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் அருகே வந்தான். சுரங்கத்திலே ஒப்பந்தத் தொழிலாளி. முகத்திலே களைப்பு, கண்களிலே கேள்வி.

"அண்ணா, கூட்டத்திலே கேட்க மனம் வரவில்லை. இங்கே கேட்கலாமா?"

"கேள், தம்பி."

"அடிக்க வந்தவனைத் தடுப்பது பாவமா?"

சிரித்துவிட்டேன். "பாவமாவது, புண்ணியமாவது! பணிய வைப்பதற்குப் படைத்த சொற்கள் அவை. தடுப்பது மனிதன் கடமை, போய் வா!" என்றேன். நம் மேடைகளிலே நாம் ஆயிரம் முறை கூறிக் கைத்தட்டல் பெற்ற விடை அது. ஆனால் அவன் கைதட்டவில்லை, சிரிக்கவுமில்லை.

"நான் சேரியிலே பிறந்த கிறித்தவன், அண்ணா" என்று தொடங்கினான்.

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்றான், எழுதவில்லை. திருவிழா நாள். மாதாவின் தேர் தங்கள் தெருவுக்கும் வரவேண்டும் என்று கேட்டிருக்கின்றனர். கேட்டதுதான் குற்றம். அன்றிரவே கல்லும் கம்புமாக வந்துவிட்டனர் சிலர். "வந்தவர்களும் கிறித்தவர்கள்தாம், அண்ணா! கழுத்திலே ஜெபமாலை, கையிலே கம்பு!" என்றான். வீட்டினுள்ளே தாயும் தங்கையும். கதவு உடைந்தது. மூலையிலே சாத்தியிருந்த உலக்கையை எடுத்தான். முதலில் நுழைந்தவன் கையிலே ஓர் அடி. கம்பு கீழே விழுந்தது, நுழைந்தவன் ஓடினான், பின்னே நின்றவர்களும் ஓடினர். இவன் துரத்தவில்லை. வாசலிலேயே நின்றான், விடியும் வரை.

மறுநாள் தாய் அவனைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினாள். பாதிரியார் சொன்னாராம்: "ஏசுநாதர் மறு கன்னத்தைக் காட்டச் சொன்னார். நீயோ உலக்கையை எடுத்தாய். மனம் வருந்து!" கம்பு தூக்கி வந்தவர்களை யாரேனும் வருந்தச் சொன்னார்களா? அதுபற்றிச் செய்தியே இல்லை. அன்று முதல் அந்தத் தாய், தன் மகன் பாவியாகிவிட்டானே என்று அழுகிறாள்.

"உங்கள் விடை எனக்குப் போதும், அண்ணா. அம்மாவுக்குப் போதாது. அவர்கள் கோயிலை விடமாட்டார்கள். அந்தத் தெருவிலேதான் இன்றிரவும் படுத்துறங்க வேண்டும். அவர்களுக்கு ஒரு விடை வேண்டும்."

பேருந்து வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். விடை கூறவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன், தம்பி: கூறத் தெரியவில்லை. மதத்தை மறுக்கக் கற்றிருந்தேன். மதத்தாலேயே மிரட்டப்படும் ஒரு தாய்க்கு மறுமொழி கூறக் கற்றிருக்கவில்லை. அந்த விடையைத் தேடியதன் விளைவே இம்மடல்.

முதலிலே நம் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். மறு கன்னத்தைக் காட்டு என்ற வசனத்தை நாம் கேலி செய்கிறோம். கோழைகளின் மதம் என்கிறோம். கேலி யார்மேல் விழுகிறது என்பதை எண்ணிப் பார்த்தோமா? 1095இல் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார் இரண்டாம் அர்பன் என்னும் போப்பாண்டவர். அவர் கன்னத்தைக் காட்டினாரா? கப்பலிலே பீரங்கியும் சிலுவையும் சேர்த்து ஏற்றி வந்த போர்த்துக்கீசியர் கன்னத்தைக் காட்டினரா? இல்லை, தம்பி! கிறித்தவ உலகம் ஒரு நாளும் கோழைகளின் உலகமாக இருந்ததில்லை. வாளெடுத்தோர்க்கெல்லாம் வாழ்த்துப்பா பாடினர். உலக்கை எடுத்தவனுக்கு மட்டுமே உபதேசம்! ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி, "அந்த வசனம் நல்லதா, கெட்டதா?" என்பதன்று. "அந்த வசனம் யாருக்கு மட்டும் படிக்கப்படுகிறது?" என்பதே கேள்வி.

பாதிரியார் எடுத்துக் காட்டிய ஏட்டையே எடுத்துக்கொள்வோம். மத்தேயு எழுதியது, 5ஆம் அதிகாரம், 39ஆம் வசனம்: வலக் கன்னத்தில் அறைந்தவனுக்கு மற்றதையும் திருப்பிக் காட்டச் சொல்கிறது. உண்மை. ஆனால் அதே பைபிளிலே யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் என்ன சொல்கிறது? இரவிலே கன்னமிட்டு நுழையும் திருடன் அடிபட்டு இறந்தால், அடித்தவன்மீது இரத்தப்பழி இல்லை என்கிறது. கன்னத்தைக் காட்டச் சொல்கிறது ஓர் ஏடு. கன்னமிட வந்தவனை அடித்தால் பழியில்லை என்கிறது மற்றோர் ஏடு! லூக்கா எழுதிய 22ஆம் அதிகாரத்திலே, வாள் இல்லாதவன் தன் மேலாடையை விற்றாவது ஒன்று வாங்கட்டும் என்று ஏசுவே கூறுகிறார். அதே இரவிலே, வாளை உருவிய சீடனைப் பார்த்து, உறையிலே போடச் சொல்கிறார். இரண்டும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் படித்துக்காட்டி மற்றதை மறைப்பவர், கடவுளின் வாக்கைக் கூறவில்லை. தம் விருப்பத்தைக் கூறுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அந்தத் தாய்க்குக் கட்டாயம் சொல்லவேண்டும். யோவான் எழுதிய 18ஆம் அதிகாரம். தலைமைக் குருவின் முன்னே நிறுத்தப்பட்ட ஏசுவைக் காவலன் ஒருவன் அறைகிறான். ஏசு என்ன செய்தார்? மறு கன்னத்தைக் காட்டினாரா? இல்லை. "நான் பேசியதிலே குற்றம் இருந்தால் எடுத்துக் காட்டு, இல்லையெனில் என்னை ஏன் அடித்தாய்?" என்ற பொருள்படக் கேட்டார். அடிபட்டவன் அடித்தவனைக் கணக்குக் கேட்ட காட்சி அது! கைகள் கட்டப்பட்ட நிலையிலே, உயிருக்கு உலைவைக்கும் மன்றத்திலே, காரணம் கேட்டார். அந்தக் காட்சியை நம் ஊர்ப் பிரசங்க மேடைகளிலே எத்தனை முறை கேட்டிருக்கிறாய்?

வால்டர் விங்க் என்றோர் அமெரிக்க இறையியல் அறிஞர் இருந்தார், 2012இல் மறைந்தார். அவர் ஒரு நுட்பத்தை எடுத்துக் காட்டினார். வசனம் வெறுமனே கன்னம் என்று கூறவில்லை; வலக் கன்னம் என்கிறது. எதிரே நிற்பவனின் வலக் கன்னத்திலே வலக் கையால் அறைய வேண்டுமானால், புறங்கையால்தான் அறைய முடியும். புறங்கை அடி, சமமானவனுக்குக் கொடுக்கும் அடியன்று. ஆண்டான் அடிமைக்குக் கொடுப்பது. மேலோன் கீழோன் என்று நிலைநாட்டுவதற்காகக் கொடுப்பது. மறு கன்னத்தைத் திருப்பினால் புறங்கைக்கு இடமில்லை. "அடிப்பதானால் சமமானவனை அடிப்பதுபோல் அடி, நான் உன் அடிமையல்லன்" என்பதே அதன் பொருள் என்றார் விங்க். இது ஒன்றே சரியான உரை என்று நான் வாதாடவில்லை. ஆனால் சாதி என்பது என்ன, தம்பி? புறங்கை அடியன்றி வேறென்ன? பணிந்துபோ என்று படிக்கப்படும் வசனத்துக்கு, பணியாதே என்றும் பொருள் கூற அவர்களுடைய அறிஞரே முன்வந்திருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்.

இனி, ஏட்டை விட்டு ஏட்டுக்கு உரை எழுதியோரிடம் வருவோம். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

தொடக்க காலக் கிறித்தவர்கள் பலர் மெய்யாகவே வாளை வெறுத்தனர். தெர்த்துல்லியன் போன்றோர், கிறித்தவன் போர்வீரனாக இருத்தல் தகாது என்று எழுதினர். அப்போது அவர்கள் சிறுபான்மையினர். அரசின் கையால் அடிபட்டோர். 313இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் அந்த மதத்துக்கு உரிமை அளித்தான். அடிபட்டோர் அரியணையருகே அமர்ந்தனர். அரியணைக்கு வாள் வேண்டுமே! 430இல் மறைந்த அகஸ்டின் அதற்கு வழி கண்டார். தனி மனிதன் தன் உயிரைக் காத்துக்கொள்ளப் பிறனைக் கொல்வதைத் தாம் ஒப்பவில்லை என்று எழுதினார். ஆனால் போர்வீரனும் ஆட்சிப் பொறுப்பில் இருப்பவனும் சட்டப்படி அதைச் செய்தால் குற்றமில்லை என்றார். கவனி, தம்பி! குடியானவனுக்குத் தடை, கொற்றவனுக்கு அனுமதி!

எண்ணூறு ஆண்டுகள் கடந்தன. 1274இல் மறைந்த தாமஸ் அக்குவினாஸ், தனி மனிதனுக்கும் அந்த உரிமை உண்டு என்று வாதாடினார். ஒரு செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம்; தன் உயிரைக் காப்பது ஒருவனது நோக்கம்; தாக்க வந்தவன் மடிவது நோக்கத்துக்கு அப்பாற்பட்ட விளைவு. ஆகவே தற்காப்பு குற்றமாகாது. ஆனால் தேவைக்கு மேற்பட்ட வலிமையைப் பயன்படுத்தினால் அது குற்றம். இதுதான் அவர் வகுத்த அளவுகோல்.

1992இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் போதனைகளைத் தொகுத்து ஒரு பெருநூலாக வெளியிட்டது. இரண்டாம் ஜான் பால் போப்பாக இருந்த காலம். அதன் 2263ஆம் பத்தி முதல் 2267 வரை இதே செய்திதான். அக்குவினாஸின் வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, மேலும் ஒரு படி செல்கிறது அந்நூல்: பிறருடைய உயிருக்குப் பொறுப்பேற்றிருப்பவனுக்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்று, கனத்த கடமையும் ஆகும் என்கிறது!

கடமை, தம்பி, கடமை! தாயும் தங்கையும் உள்ளே இருக்க, உடைந்த கதவருகே நின்ற மகனுக்குத் திருச்சபையே விதித்த கடமை. ஓடியவனைத் துரத்தவில்லை அவன். தேவைக்கு மேல் ஓர் அடியும் அடிக்கவில்லை. அக்குவினாஸின் அளவுகோலை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறான், அந்தப் பெயரையே கேட்டறியாத ஒப்பந்தத் தொழிலாளி! ஆனால் அவனிடம் பேசிய பாதிரியார் 1992ஆம் ஆண்டு நூலைத் திறக்கவில்லை. சேரிக்கு என்று தனியாக ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்திருந்தார், அதைப் படித்தார்.

பார்த்தாயா பயணத்தை! அனுமதி மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. அரண்மனைக்கு 5ஆம் நூற்றாண்டிலே வந்தது. ஐரோப்பிய நகரத்துக் குடிமகனுக்கு 13ஆம் நூற்றாண்டிலே வந்தது. தமிழ்நாட்டுச் சேரிக்கு? 21ஆம் நூற்றாண்டிலும் பாதிவழியிலே நிற்கிறது! தேருக்குத் தெருவிலே தடை. தேவ போதனைக்குமா தடை?

"தமிழகத்துத் திருச்சபைக்குத் தற்காப்பு என்றால் என்னவென்று தெரியாதோ?" என்று ஐயுறுகிறாயா? நன்றாகவே தெரியும். தமிழகத்திலே பெருங்கூட்டமாக மக்கள் கிறித்தவத்தைத் தழுவிய முதல் நிகழ்ச்சி எது? முத்துக்குளித்துறைப் பரதவர்கள், 1530களின் நடுவிலே, தம் கடலையும் தொழிலையும் பறிக்க முற்பட்ட எதிரிகளிடமிருந்து காத்துக்கொள்ளப் போர்த்துக்கீசியர் துணையை நாடினர், ஞானஸ்நானம் பெற்றனர். 1538இல் வேதாளையிலே நடந்த கடற்போரில் போர்த்துக்கீசியர் வென்றனர். சவேரியார் வந்து சேர்ந்தது 1542இல்தான். முதலில் பாதுகாப்பு, பிறகே பிரசங்கம்! தற்காப்பிலே பிறந்தது தமிழகக் கத்தோலிக்கம். பிறந்த வீட்டையே மறந்துவிடலாமா?

தெற்கே திருவிதாங்கூரைப் பார். நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்தல் கூடாது என்று ஆணவம் ஆட்சி செலுத்திய காலம். கிறித்தவம் தழுவிய பெண்கள் மேலாடை அணிந்தனர். சந்தையிலே சேலையைக் கிழித்தனர் ஆதிக்கக்காரர்கள். 1820களில் ஒருமுறை, 1858-59இல் மீண்டும் ஒருமுறை, வன்முறை வெடித்தது. அப்போது லண்டன் மிஷன் பாதிரிமார்கள் என்ன செய்தனர்? இன்னொரு சேலையையும் கிழிக்கக் கொடு என்றா உபதேசித்தனர்? இல்லை! சார்லஸ் மீட் முதலானோர் முறையீடு எழுதினர். அரசின் கதவைத் தட்டினர். சென்னை ஆளுநர் டிரவெலியன் திருவிதாங்கூர் அரசை நெருக்கினார். 1859 ஜூலை 26இல் மேலாடை அணியும் உரிமை அறிவிக்கப்பட்டது. மானத்தைக் காப்பதற்காகப் போராடுவது பாவம் என்று அன்று எவரும் கூறவில்லை.

அடிப்பவர் வெளியார் எனும்போது, திருச்சபை விழித்தெழுகிறது. அடிப்பவர் உள்ளேயே, முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கும்போதோ, மறு கன்னத்தை நினைவூட்டுகிறது! அங்கேதான் குட்டு உடைகிறது.

மந்தாரக்குப்பத்திலிருந்து வெகுதொலைவு செல்லவேண்டாம். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே எறையூர். அன்று விழுப்புரம் மாவட்டம். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். நெய்வேலியையும் எறையூரையும் ஆள்வது ஒரே மறைமாவட்டம், புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம். எறையூரின் பெரிய கோயில் ஜெபமாலை மாதா கோயில். வன்னியக் கிறித்தவர்களும் தலித் கிறித்தவர்களும் வாழும் ஊர். ஒரே கடவுள், ஒரே அப்பம். ஆனால் கல்லறை வேறு! தலித் மக்களின் சவ ஊர்வலம் பெரிய தெரு வழியே கோயிலுக்குச் செல்லத் தடை. பொறுத்துப் பார்த்த மக்கள் தம் தெருவிலே சகாய மாதா கோயிலை எழுப்பி, அதைத் தனிப் பங்காக அறிவியுங்கள் என்று கேட்டனர். உண்ணாநோன்பு தொடங்கினர். உண்ணாநோன்பைவிடச் சாதுவான வழி உண்டோ? 2008 மார்ச் 9ஆம் நாள் அவர்கள் தெரு தாக்கப்பட்டது, வீடுகள் நொறுக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. வன்னியக் கிறித்தவர் இருவர் மாண்டனர்.

அந்த இருவருக்காகவும் வருந்துகிறேன், தம்பி. உன் கண்ணிலும் நீர் வரவேண்டும். அவர்களும் உழைத்துப் பிழைத்தவர்கள். சாதி என்னும் நச்சுப் புகை ஏற்றிய போதையிலே கிளம்பியவர் கூட்டத்திடையே குண்டுக்கு இரையானவர்கள். சாதி, அடிபடுபவனை மட்டுமன்று, அடிக்க வருபவனையும் தின்கிறது. அடிக்க முதல் கை உயர்ந்தபோதே, "அது பாவம்" என்று பீடத்திலிருந்து உரத்துக் கூறியிருந்தால் அந்த இரு வீட்டிலும் ஒப்பாரி எழுந்திருக்குமா?

எறையூர் ஒன்றுதானா? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலே, சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து 1870களிலே கோயில் கட்டினர், நடுவே சுவர். 1910இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூரிலே கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சுவர். செத்த பிறகும் தீட்டு! 2003 நவம்பரில் தமிழகத்து ஆயர்களைச் சந்தித்த இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தோரில் புதுவை-கடலூர் மறைமாநிலத்து ஆயர்களும் உண்டு. ஐந்தாண்டு நிறைவதற்குள் எறையூர் எரிந்தது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் தலித் மக்கள் ஒடுக்கப்படுவதை ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒப்புக்கொண்டதைப் பாராட்டுகிறேன். ஆனால் அறிக்கை அச்சிலே இருக்கிறது. கம்போ கையிலே இருக்கிறது!

"மதம் கைவிட்டால் என்ன, சட்டம் இருக்கிறதே!" என்பாய். இருக்கிறது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைவு தயாரித்து, 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளிலே தற்காப்பு உரிமையை வகுத்தது. இந்நாட்டு மக்கள் எதையும் பொறுத்துப்போகும் இயல்பினர். அவர்களுக்குத் துணிவூட்ட வேண்டுமேயன்றி அடக்கக் கூடாது என்று அந்த ஆணையமே கருத்துத் தெரிவித்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. பெயர் நாவிலே நுழைய மறுக்கிறது. ஆயினும் உள்ளடக்கம் அதுவேதான், 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில். தன் உடலையும் பிறர் உடலையும் காத்துக்கொள்ள உரிமை உண்டு. காவல்துறையை நாட நேரமிருந்தால் உரிமை இல்லை. காப்பதற்குத் தேவையான அளவுக்குமேல் தீங்கு செய்யக்கூடாது. அக்குவினாஸின் அளவுகோலும் இச்சட்டத்தின் அளவுகோலும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன, பார்!

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தாழ்த்தப்பட்டோர்மீது நடக்கும் கொடுமைகளைத் தடுக்க 1989இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. அதன் 1995ஆம் ஆண்டு விதிகளிலே, கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் ஆதிக்கச் சாதியினரின் துப்பாக்கி உரிமத்தைப் பறிக்கவும், தேவையானால் தாழ்த்தப்பட்டோர்க்குத் தற்காப்புக்காக உரிமம் வழங்கவும்கூட இடமிருக்கிறது. அந்த அளவுக்கு அரசே ஆபத்தை உணர்ந்திருக்கிறது. ஆயினும், எறையூர் மக்கள் அச்சட்டத்தை நாட முடியுமா? முடியாது! ஏன்? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறித்தவன் தாழ்த்தப்பட்டவன் ஆகமாட்டான். 1956இல் சீக்கியர்க்கு வழி திறந்தது. 1990இல் பௌத்தர்க்குத் திறந்தது. கிறித்தவர்க்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்தத் தடையை நீக்கச் சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. டில்லியின் செவியிலே விழவேண்டுமே!

அடிக்க வருபவனின் கண்ணுக்கு அவன் பறையன். அரசின் கண்ணுக்கு அவன் கிறித்தவன். பாதிரியாரின் கண்ணுக்கு அவன் பாவி. மனிதன் என்று காண ஒரு கண்ணும் இல்லை! அவனுக்கு மிஞ்சியது என்ன? மூலையிலே சாத்திய உலக்கை. அதையும் கீழே போடச் சொல்கின்றனர்.

தம்பி, உலக்கையை வாழ்த்துவதற்காக இம்மடலை எழுதவில்லை. அதையும் தெளிவாகக் கூறிவிடுகிறேன். வாசலிலே நின்று தடுத்தது தற்காப்பு. மறுநாள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு அடுத்த தெருவுக்குச் சென்றிருந்தால் அது பழிவாங்கல். தற்காப்புக்கு வாசற்படி எல்லை. அந்தப் படியைத் தாண்டினால், அடிக்க வந்தவனுக்கும் இவனுக்கும் வேறுபாடு மறைந்துவிடும். நாளை எரிவது இருதரப்புக் கூரைகளும்தான். சாதி வெறியர் விரும்புவதும் அதைத்தான். ஆகவே நிற்கத் தெரியவேண்டும், நிறுத்தவும் தெரியவேண்டும்.

கன்னத்தைக் காட்டுவோர் எல்லோரும் ஏமாளிகள் என்றும் கூறமாட்டேன். மென்னோனைட் என்னும் பிரிவினர், படையிலே சேர மறுத்துச் சிறை சென்றனர், நாடு விட்டு நாடு ஓடினர். கொள்கைக்காகத் தாமே அடி வாங்கினர். அமெரிக்காவின் மார்ட்டின் லூதர் கிங்கைப் பார். அவரும் பாதிரியார்தான்! 1956 ஜனவரியில் மாண்ட்கோமரி நகரிலே அவர் வீட்டின்மீது வெடிகுண்டு வீசினர். முதலில் வீட்டிலே துப்பாக்கி வைத்திருந்தவர், பிறகு அதையும் விட்டொழித்தார். அது அவர் தம் உயிரைப் பணயம் வைத்து எடுத்த முடிவு. ஆனால் 1959இல் எழுதும்போது, தாக்கப்படுபவன் தன் வீட்டைக் காத்துக்கொள்வதைத் தாம் கண்டிக்கவில்லை என்று தெளிவுபடுத்தினார். காந்தியாரும் கண்டித்ததில்லை என்று சுட்டிக்காட்டினார். 1964இல் லூசியானா மாநிலத்திலே நீக்ரோ மக்கள், கு கிளக்ஸ் கிளான் வெறியரிடமிருந்து தம் தெருவைக் காக்க ஓர் அமைப்புக் கண்டனர். அதற்கு என்ன பெயர் சூட்டினர், தெரியுமா? கோயில் ஊழியரைக் குறிக்கும் 'டீக்கன்' என்னும் சொல்லையே சூட்டினர்! கோயிலுக்குச் செல்வோரே கதவுக்குக் காவல் நின்றனர்.

கிங்குக்கும் நம் பாதிரியாருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அவர் தம் கன்னத்தைக் காட்டினார், இவர் அடுத்தவன் கன்னத்தைக் காட்டச் சொல்கிறார். தன் கன்னத்தைக் காட்டுபவன் தியாகி; பிறன் கன்னத்தைக் காட்டச் சொல்பவன் தரகன்! தியாகியைத் தலைதாழ்த்தி வணங்குவோம். தரகனிடம் தரகு எவ்வளவு என்று கேட்போம்.

ஆகவே, அந்தத் தாய்க்கு என் விடை இது:

அம்மா! உங்கள் மகன் பாவி அல்லன். நான் உங்கள் கோயிலுக்கு வராதவன். ஆகவே என் சொல்லை நம்பவேண்டாம். உங்கள் திருச்சபை 1992இல் வெளியிட்ட போதனை நூலிலே 2265ஆம் பத்தியைப் பாதிரியாரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறர் உயிருக்குப் பொறுப்பானவன் தடுத்தே தீரவேண்டும் என்று அதிலே இருக்கிறது. அவர் மீண்டும் மறு கன்னம் என்று கூறினால், எந்தக் கன்னம் ஐயா என்று கேளுங்கள். எங்கள் கன்னம் நூற்றாண்டுகளாகத் திரும்பித் திரும்பிக் கழுத்தே வலிக்கிறது. அடித்த கையைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பிரசங்கம் செய்யுங்கள் என்று கேளுங்கள். அறைந்தவனை ஏசுவே காரணம் கேட்டாரே; நீங்கள் கேட்பதிலே குற்றமில்லை.

உனக்கும் ஒரு சொல், தம்பி. நெய்வேலி மண்ணின் இயல்பு உனக்குத் தெரியும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் நீர்த்தேக்கம். அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்துப் பொங்கிவிடும்; எந்திரமும் மனிதரும் மூழ்குவர். "பொறு, பொறு" என்று நீரிடம் எவரும் உபதேசம் செய்வதில்லை, அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். சேரியின் நெஞ்சிலேயும் அப்படியொரு தேக்கம் இருக்கிறது. பொறுமையைப் போதித்து அதை மூடி வைக்கப் பார்க்கின்றனர். அதற்கு வேண்டியது மூடியன்று; நீதி. தேர் அந்தத் தெருவுக்கும் போகட்டும். கல்லறைச் சுவர் இடியட்டும். 1950ஆம் ஆண்டு ஆணை திருத்தப்படட்டும். உலக்கைக்கு நெல் குத்தும் வேலை மட்டுமே மிஞ்சும்.

அதுவரை, மறு கன்னத்தைக் கேலி செய்து கைத்தட்டல் வாங்குவதை நிறுத்திக்கொள்வோம். அடுத்த திருவிழா இரவிலே அந்தத் தெருவின் முனையிலே நம்மவர் பத்துப் பேர் நிற்கட்டும், வெறுங்கையோடு. தெய்வத்தை நம்பாதவன் தெய்வத்தை நம்பும் தாயின் வாசலிலே காவல் நிற்கிறான் என்று ஊர் காணட்டும். அன்று அந்த இளைஞன் மீண்டும் என்னிடம் கேள்வி கேட்பானாயின், பேருந்தைப் பார்க்கமாட்டேன். அவன் முகத்தைப் பார்த்து விடை கூறுவேன்.